உள்தோலுக்கு அடியில் மூன்று விரல்

அயர்லாந்திலிருந்து வந்த அந்த மனிதர் பேசுவது இங்கிலீஷே இல்லை என்று நான் முழுசாக ஆறு நாள் நம்பினேன். சும்மா நம்பவில்லை, அதற்குக் காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஆங்கிலம்: சரளம்' என்று எழுதியவன் நான். அந்தச் சரளத்தைச் சோதித்துப் பார்க்க மானேஜரும் அவரும் கூட்டுச் சேர்ந்து ஏதோ ஓர் ஐரோப்பிய பாஷையை என் மேல் ஏவிவிட்டிருக்கிறார்கள், நான் 'இது இங்கிலீஷ் இல்லை சார்' என்று துணிந்து சொல்கிறேனா, பொய்யாகத் தலையாட்டுகிறேனா என்று பார்க்கிறார்கள் என்பது என் முடிவு. இவ்வளவு புத்திசாலித்தனமாகக் கண்டுபிடித்த பிறகும் நான் தலையைத்தான் ஆட்டினேன். நல்ல காளைக்கன்று மாதிரி ஆட்டினேன்.

சிங்காரப்பேட்டையில் என் இங்கிலீஷுக்கு நல்ல பெயர் உண்டு. தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். தந்தியில் இருப்பது நாலைந்து வார்த்தை. ஒன்று யாராவது செத்திருப்பார்கள், இல்லையென்றால் புறப்பட்டிருப்பார்கள். தந்தியைக் கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். அந்தத் தைரியத்தில்தான் ஓசூருக்கு பஸ் ஏறி, மூக்கண்டப்பள்ளியில் மூன்று பேரோடு ஓர் அறை பிடித்து, ஷூவுக்கு மேல்பாகம் தைக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் தோலை வெட்டி, தைத்து, பெட்டியில் அடுக்கி அனுப்புவோம். அதற்கு அடிப்பாகம் ஒட்டி முழு ஷூவாக்குவது கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கும். எனக்கு அப்போது ஆறு மாதத் தகுதிகாண் காலம், அதில் நாலு மாதம் முடிந்திருந்தது.

புதிதாக வந்த மாடலுக்குப் பெயர் புரோக். முன்பக்கத் தோல் பறவை இறக்கையை விரித்தது போல இரண்டு பக்கமும் வளைந்து போகும். ஓரமெல்லாம் ரம்பப் பல் வெட்டியிருக்கும். அந்த ஓரத்தையொட்டி ஒரு பெரிய துளை, இரண்டு சின்னத் துளை, மறுபடி ஒரு பெரிய துளை என்று கோலப் புள்ளி மாதிரி வரிசையாக ஓடும். மூக்கு நுனியில் துளைகளாலேயே ஒரு பூ. பார்க்க அழகு, துளை போடத்தான் உயிர் போகும். அயர்லாந்துக்காரர்கள் இங்கிலீஷை இழுத்து ஏற்றி இறக்கிப் பேசும் பேச்சுக்கும் இதே புரோக் என்றுதான் பெயர் என்று வெகு காலம் கழித்து ஓர் அகராதியில் பார்த்தேன். அப்போதே தெரிந்திருந்தாலும் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இரண்டு புரோக்கும் ஒரே வாரத்தில் என் தலையில் இறங்கின.

துளை போடும் மேசைக்குத் தலைமையாக இருந்தவர் பஞ்சிங் அக்கா. எல்லோருக்கும் அவர் அந்தப் பெயரால்தான் தெரியும், நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். மத்திகிரிப் பக்கம் வீடு. அப்பா மாட்டுத் தரகர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். மூன்றிலும் ஒரே வேகத்தில் திட்டக்கூடியவர். முப்பது வயது இருக்கும். வலது கையில் மரச் சுத்தியல், இடது கையில் துளைக்கும் உளி. அடித்தால் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்து நான் பார்த்ததில்லை. அவர் மேசையையும் அதற்கு அடுத்த தையல் வரிசையையும் சேர்த்து இருபத்திரண்டு பெண்கள். அத்தனை பேரும் தற்காலிகம். ஷூ வாங்கும் கம்பெனி அனுப்பிய அந்த வெள்ளைக்காரர் பத்து நாள் இருந்து பார்த்து ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டால் இந்தப் புது லைன் நிலைக்கும், இவர்கள் நிரந்தரமாவார்கள். இல்லையென்றால் இருபத்திரண்டு பேரும் வீட்டுக்கு.

பஞ்சிங் அக்கா அப்படி ஒருமுறை வீட்டுக்குப் போனவர். இரண்டு வருஷத்துக்கு முன் இதே கம்பெனியில் பெண்கள் செருப்புக்கு ஒரு லைன் திறந்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி வரும் என்று வாங்குகிறவர்கள் கேட்டதற்கு மேலே இருந்தவர்கள் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னார்கள். அந்த எண்ணை எட்டுவதற்காக ஓட்டமாய் ஓடியதில் தையல் கோணலாகி, பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. மூன்று மாதத்தில் லைனை மூடினார்கள். எண்ணைச் சொன்னவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அக்கா இதைக் கோபமாகச் சொல்லவே மாட்டார். ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொல்வார்.

இந்த இருபத்திரண்டு பேருக்கும் அந்த வெள்ளைக்காரருக்கும் நடுவே பாலமாக நிறுத்தப்பட்டவன்தான் அடியேன். வெள்ளைக்காரர் நெடுநெடுவென்று உயரம், முகம் மிளகாய்ச் சிவப்பு, காலில் அதே துளை போட்ட ஷூ. வாயைத் திறந்தால் வார்த்தைகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு மேடு ஏறி, பள்ளத்தில் உருண்டு, ஒரு பாட்டு முடிகிற மாதிரி முடியும். முதல் நாள் ஐந்து நிமிடம் பேசிவிட்டு என்னைப் பார்த்தார். மொத்த மேசையும் என்னைப் பார்த்தது. "வேலைய நல்லா செய்யச் சொல்றாரு" என்றேன்.

பஞ்சிங் அக்கா சுத்தியலைக் கீழே வைத்தார். "ஏம்பா, அவரு அஞ்சு நிமிசம் பேசனாரு. நீ என்னா, நாலு வார்த்தையில முடிச்சிட்ட?"

"இங்கிலீஷ்ல எல்லாமே நீளமாத்தான் வரும்க்கா."

"அப்படியா? அப்ப நாங்க நாலு வார்த்த பேசனா நீ அவருக்கு அஞ்சு நிமிசம் சொல்லுவியா?"

மேசை முழுக்கச் சிரித்தது. வெள்ளைக்காரரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் பேசிக்கொண்டே தன் வயிற்றைத் தடவினார். அப்பாடா என்று இருந்தது, ஒரு விஷயமாவது விளங்கியதே. நம் ஊர்க் காரம் ஒத்துக்கொள்ளவில்லை, பாவம். உடனே கேன்டீனுக்கு ஓடி மோரும் வெறும் இட்லியும் ஏற்பாடு செய்தேன். அவர் வியப்போடு சாப்பிட்டார். மறுநாளும் பேச்சுக்கு நடுவே வயிற்றைத் தடவினார். மோரை இரண்டு டம்ளராக்கினேன். ஒரு மனிதரின் கஷ்டத்தைக் குறிப்பறிந்து தீர்க்கிறோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

வெள்ளிக்கிழமை முதல் சோதனை. துளை போட்ட மேல்தோலைப் பாதத்தின் வடிவில் செய்த கட்டையின் மேல் போர்த்தி இழுத்துப் பிடிப்பார்கள். அந்த இழுப்பைத் தாங்கினால்தான் அது ஷூ. இழுத்தார்கள். வட்டமாக இருந்த துளைகளெல்லாம் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைப் பிளந்தன. இரண்டு இடத்தில் கிழிந்தே போயிற்று. வெள்ளைக்காரர் கிழிந்ததைக் கையில் எடுத்து, இரண்டு கட்டை விரலாலும் இழுத்துக் காட்டி, நிறுத்தாமல் பேசினார். நடுவே வயிற்றைத் தடவினார், திரும்பி முதுகைத் தட்டினார். வயிற்று வலி முதுகுக்கும் பரவிவிட்டதோ என்று எனக்குப் பயம். ஆனால் எல்லோரும் காத்திருந்தார்கள். "துளைய சின்னதா போடச் சொல்றாரு" என்று தீர்ப்பு வழங்கினேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரருடைய கட்டை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையிலிருந்து ஒரு துண்டுத் தோலை எடுத்து, அதே மாதிரி இழுத்து, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி வேண்டாம் என்று கையாட்டினார். இன்னொரு துண்டை எடுத்து இழுத்தார், அது இளகவில்லை. தன் முதுகெலும்பைத் தொட்டுக் காட்டினார். வெள்ளைக்காரர் குதித்தார். நிஜமாகவே ஒரு சாண் குதித்தார். மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்தால் இளகும், முதுகுப் பக்கத்துத் தோல் நிற்கும். மேல்தோலை முதுகிலிருந்துதான் வெட்ட வேண்டும் என்பதை அந்த மனிதர் மூன்று நாளாகத் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறார். நான் அவருக்கு மோர் ஊற்றியிருக்கிறேன்.

"வாய வாயப் பாத்தா என்னாபா புரியும்? கையப் பாக்க வேண்டாமா?" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "பாவம், வவுறு குளுந்து போயிருக்கும் மனுசனுக்கு" என்றார்.

மறுநாள் முதுகுத் தோலில் வெட்டியது கட்டையின் மேல் ஏறியபோது துளைகள் வட்டமாகவே நின்றன. மானேஜர் வந்து, எப்படி விளங்கியது என்று கேட்டார். "தம்பிதான் சார் வெவரமா சொல்லிச்சு" என்றார் பஞ்சிங் அக்கா. மானேஜர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு இப்போதும் என் தோளில் சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரருக்கு ஊர் காட்டும் பொறுப்பும் எனக்கே வந்தது. கோயிலா மலையா என்று சைகையில் கேட்டேன். அவர் இரண்டு விரலைத் தலையில் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினார். ஆட்டோ பிடித்து மாட்டுச் சந்தைக்குப் போனோம். முந்தின நாள் மழையில் சந்தையெல்லாம் சேறு. அங்கே அக்காவும் அவருடைய அப்பாவும் ஒரு ஜோடிக் காளையோடு நின்றிருந்தார்கள். வெள்ளைக்காரர் நேராகப் போய் ஒரு காளையின் வாயைப் பிளந்து, பல்லைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன், டூ, திரீ, ஃபோர். திரீ என்பது 'ட்ரீ' என்று வந்தது, ஃபோர் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி உருண்டது. ஆனால் சந்தேகமே இல்லை, அது இங்கிலீஷ். காளையின் பல்லுக்கு முன்னால் நின்று எனக்கு ஞானம் பிறந்தது. ஆறு நாளும் அந்த மனிதர் ஒரு சூதும் செய்யாமல் எனக்குத் தெரிந்த பாஷையைத்தான் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் பேச்சில் மூன்றில் ஒரு பங்கு எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

அக்காவின் அப்பா அவருக்குத் தரகு பேசும் முறையைக் காட்டினார். துண்டைக் கையின் மேல் போட்டு, அதற்கு அடியில் எதிராளியின் விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, இரண்டு விரல் என்றால் இரண்டு. அது நூறா பத்தா என்பது பேசுகிற இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கிற ஐம்பது பேருக்கும் துண்டுதான் தெரியும். வெள்ளைக்காரர் சின்னப் பிள்ளை போல நாலு தடவை செய்து பார்த்தார். அவரும் மாட்டுக்காரக் குடும்பம்தானாம். தன் ஊர்ச் சந்தையில் எப்படி என்று காட்டினார். உள்ளங்கையில் எச்சில் துப்பி, எதிராளியின் உள்ளங்கையில் ஓங்கி அடித்தால் பேச்சு முடிந்தது, அப்புறம் யாரும் மாற முடியாது. அக்காவின் அப்பாவுக்கு எச்சில் மட்டும் பிடிக்கவில்லை. கையடிப்பது நம்மிடமும் உண்டே என்று சொல்லிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது சேற்றில் நின்று தன் ஷூத் துளைகளைக் காட்டி வெள்ளைக்காரர் ஏதோ சொன்னார். அவருடைய முன்னோர்கள் சதுப்பு நிலத்தில் நடப்பவர்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வரத்தான் செருப்பில் துளை போட்டார்களாம், அது பின்னால் அலங்காரமாகிவிட்டதாம். இதை நான் தப்பில்லாமல் அக்காவிடம் சொன்னேன். என் வாழ்க்கையின் முதல் சரியான மொழிபெயர்ப்பு அது.

"அட தொரையே," என்றார் அக்கா, தன் செருப்பைக் கையில் தூக்கிக் காட்டி. "சேறுன்னா கழட்டிக் கையில எடுத்துக்க வேண்டியதுதான? இதுக்குப் போயி எங்களப் போட்டு ஒரு காலுக்கு முந்நூறு துளை போடச் சொல்றீங்களே!" அதையும் சொன்னேன். அவர் சேற்றில் வழுக்கி விழப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

இப்போது அந்தப் பக்கம் போனால் சந்தை இருந்த இடத்தை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. புதிதாகக் கட்டிய மேம்பாலத்தில் ஏறினால் கர்நாடகத்தில் போய் இறங்குவேனோ என்று பயந்துகொண்டே வண்டி ஓட்டுகிறேன். அன்றைக்கு எனக்கு இருந்த பயத்துக்கு இது எவ்வளவோ தேவலை. ஏனென்றால் செவ்வாய்க்கிழமை மானேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "நாளைக்கு ஃபைனல். ஒரு நாளைக்கு எத்தன ஜோடி வரும்னு கேப்பாரு. எரநூறுன்னு சொல்லு. வேற ஏதாவது சொன்ன, உன் கன்ஃபர்மேஷன மறந்துடு" என்றார். நான் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு நேராகப் பஞ்சிங் அக்காவிடம் போய் ஒப்பித்தேன்.

"எரநூறா? உம் மானேஜர வந்து சுத்தி புடிக்கச் சொல்லு" என்றார். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "நூத்தி இருவது. அதுக்கு மேல ஒரு ஜோடி அடிச்சாலும் துளை பிசுறு அடிக்கும். மூணு மாசத்துல பொட்டி திரும்பி வரும். அப்பறம் மறுபடியும் அதே பஸ்ஸு, அதே வீடு."

எனக்கு எங்கிருந்தோ வீரம் வந்தது. "நான் நூத்தி இருவதுன்னே சொல்லிடறேன்க்கா. வந்தது வரட்டும்."

அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நீயா? மானேஜர் இருமனாலே நீ எழுந்து நிக்கற ஆளு. வேணாம்பா. உனக்கும் வேல வேணுமில்ல? அவரு சொன்னதையே சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." என் வீரத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் இரண்டாவது முறை கேட்கவில்லை. அதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன், கொஞ்சம் நிம்மதியும் படுகிறேன்.

புதன்கிழமை. பன்னிரண்டு ஜோடி மேசையில் வரிசையாக இருந்தது, ஒன்றிலும் குறையில்லை. வெள்ளைக்காரர் ஒப்புதல் தாளை விரித்து, பேனாவைத் திறந்து, கேட்டார். பத்து நாளில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் ஒரு எழுத்துக்கூட விடாமல் எனக்குப் புரிந்தது என்றால் அது அந்த வாக்கியம்தான். மானேஜர் என் பக்கத்திலேயே நின்றார். "டூ ஹண்ட்ரட், சார்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது.

அவர் எழுதவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா மேல்தோலுக்கு அடியில் வைத்துத் தைக்கும் மெல்லிய உள்தோலில் ஒரு பெரிய துண்டை எடுத்தார். அதன் மென்மையைக் காட்டுகிறவர் போல வெள்ளைக்காரர் நீட்டிய கையின் மேல் விரித்துப் போட்டு, தன் கையை அடியில் விட்டார். மானேஜர் பக்கம் திரும்பி, "லைனிங் எவ்ளோ மெத்துனு கீதுன்னு காட்டறேன் சார்" என்றார். மானேஜருக்குத் தோல்தான் தெரிந்தது. பக்கவாட்டில் நின்ற எனக்கு அதன் விளிம்பு அசைவது தெரிந்தது. ஒரு அசைவு. ஒரு நிறுத்தம். பிறகு இன்னொரு அசைவு. வெள்ளைக்காரரின் புருவம் மெல்ல மேலே போயிற்று. பட்டப்பகலில், கம்பெனிக்கு நடுவில், இருபத்தொரு பெண்களின் எதிரில் ஒரு பெண் வெள்ளைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பிடிபட்டால் அவர் மானமும் போகும், லைனும் போகும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்று என் வேலையும் போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா முகத்தில் ஒன்றும் இல்லை. காளைக்கு விலை பேசுகிற முகம்.

வெள்ளைக்காரர் தோலை எடுத்து மடித்து மேசையில் வைத்தார். தன் வலது உள்ளங்கையில் துப்பினார். கையை நீட்டினார். மேசையே மூச்சை இழுத்தது. அக்கா அந்த எச்சிலை ஒரு கணம் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டார், ஓங்கி ஒரு அடி அடித்தார். ஒரே அடி.

"என்னய்யா இது?" என்று மானேஜர் என்னைக் கேட்டார்.

"அவங்க ஊர்ல வேல புடிச்சிருந்தா இப்படித்தான் சார் பாராட்டுவாங்க" என்றேன். பத்து நாளில் நான் யோசித்துச் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பயத்தில் சொன்னவை.

வெள்ளைக்காரர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மானேஜர் படித்தார், இரண்டாவது முறை படித்தார். நாளொன்றுக்கு நூற்றிருபது ஜோடி, அதற்கு மேல் தயாரித்தால் வாங்க மாட்டோம். "நீ எரநூறுன்னுதான சொன்ன?" என்று என் பக்கம் திரும்பினார். "உங்க எதுருலதான சார் சொன்னேன்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். அக்கா குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு விரலைப் பிடித்தாராம், அது நூறு. விட்டுவிட்டு இரண்டு விரலைப் பிடித்தாராம், அது இருபது. வெள்ளைக்காரருக்குப் புரியாமல் போயிருந்தால் என்று கேட்டேன். "மாட்டுக்காரனுக்குப் புரியாதா?" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை சோப்புப் போட்டார்.

அடுத்த மாதம் இருபத்திரண்டு பேருக்கும் நிரந்தர உத்தரவு வந்தது. அந்த லைன் ஒரு நாளும் நூற்றிருபதுக்கு மேல் ஓடவில்லை. அந்த மேசையிலிருந்து யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.